படைத்தலைவர் சிறுத்தொண்டர் ஆயது
(குடமுழுக்கு விழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குடமுழுக்கு நிகழும் திருக்கோயிலில் அடியார் ஒருவருடைய வரலாற்றைச் சிந்தித்தல் தொன்றுதொட்டு வரும் நன்மரபு. கருங்கல்லால் எடுத்த கோயிலும் பல்லாண்டு கவனிப்பாரின்றிக் கிடப்பின், விமானத்தின்மேல் அரசும் ஆலும் முளைத்துவிடுகின்றன. அவற்றைக் களைந்து, பிளவுகளை அடைத்து, மருந்து சாத்தி, கும்பநீர் ஆட்டுவதே திருப்பணி. அடியார் வரலாறும் அத்தகையதே. பலகாலும் கேட்டுப் பழகிய வரலாற்றின்மேல் பழக்கம் என்னும் புல் முளைத்துவிடுகின்றது. அதனையும் அவ்வப்போது களைந்து பார்த்தல் வேண்டும்.

சிறுத்தொண்ட நாயனார் வரலாறு அவ்வாறு மூடுண்டு கிடப்பது. அவர் பெயரைச் சொன்ன அளவிலே பிள்ளைக்கறி என்னும் ஒரு சொல்லே கேட்போர் நெஞ்சில் எழுகின்றது. சிலர் கண்ணீர் உகுப்பர், சிலர் முகஞ்சுளிப்பர், சிலர், "அஃது அந்தக் காலத்துக் கதை" என்று கடந்து போவர். ஒரு பகற்பொழுதில் நிகழ்ந்த செயல் ஒருவருடைய வாழ்நாள் முழுவதையும் மறைத்து நிற்கின்றது. அப்பகலுக்கு முன்னே அவர் படைத்தொழில் செய்தவர், அதனை விடுத்து ஊர் திரும்பியவர், மனைவியோடும் மகனோடும் வாழ்ந்தவர், நாள்தோறும் விருந்தோம்பியவர். அவ்வாழ்வை அறியாதார்க்கு அந்த ஒரு பகலும் விளங்காது. ஆதலின், வாளை வைத்தபின் ஒரு வீரர் எவ்வாறு வாழ்ந்தார் என்பதே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள்.

கற்ற கல்வியும் செய்த தொழிலும்

அவருடைய இயற்பெயர் பரஞ்சோதியார். சோழநாட்டுத் திருச்செங்காட்டங்குடி அவருடைய ஊர். இன்று அது நாகப்பட்டினம் மாவட்டத்தில் உள்ளது. திருப்புகலூரும் திருமருகலும் அதற்கு அணித்தேயுள்ள தலங்கள். அவ்வூர்த் திருக்கோயிலுக்குக் கணபதீச்சரம் என்று பெயர். மாமாத்திரர் குலத்திலே தோன்றிய பரஞ்சோதியார் ஆயுள்வேதமாகிய மருத்துவ நூலையும், வடநூற் கலைகளையும், படைக்கலத் தொழிலையும் கற்றுத் துறைபோயவர் என்றும், யானையேற்றம் குதிரையேற்றம் இரண்டிலும் வல்லவர் என்றும் சேக்கிழார் பெருமான் கூறுகின்றார். உயிரைக் காக்கும் மருத்துவமும் உயிரை வாங்கும் படைக்கலமும் ஒருவர் கையிலேயே அமைந்திருந்தன. இத்தனை கலைகளையும் பயின்று அவர் வடித்தெடுத்த சாரம் யாது? சிவபெருமான் திருவடியை நினைந்து நிற்பதொன்றே. அந்நினைவு அவருக்கு முதுமையில் வந்ததன்று. வாளேந்திய இளமையிலேயே உடன் இருந்தது.

அவர் வேந்தன் பொருட்டுத் தானையோடு வடபுலம் சென்றார். வாதாபி என்னும் பழம்பெருநகரை யானைப் படையைச் செலுத்தித் தூளாக்கினார். மணிகளும் நிதியும் யானைகளும் குதிரைகளும் கவர்ந்துவந்து வேந்தன்முன் வைத்தார். அவ்வேந்தன் பெயரைப் புராணம் கூறவில்லை. வரலாற்றறிஞர்கள் அவனைப் பல்லவப் பேரரசன் முதலாம் நரசிம்மவர்மன் என்று காண்பர். மாமல்லன் என்பதும் அவனே. வாதாபியில் வீற்றிருந்தவன் சாளுக்கிய வேந்தன் இரண்டாம் புலிகேசி. வடநாட்டுப் பேரரசன் ஹர்ஷனையே நருமதைக்கு இப்பால் வரவொட்டாமல் தடுத்தவன் அவன். அவனுடைய வெற்றிகளை 634ஆம் ஆண்டின் ஐகொளெக் கல்வெட்டு விரித்துரைக்கின்றது. அத்தகையவனுடைய தலைநகரம் 642ஆம் ஆண்டளவில் பல்லவர் கைப்பட்டது. கருநாடக மாநிலத்துப் பாகல்கோட்டை மாவட்டத்தில் பாதாமி என வழங்கும் ஊரே அவ்வாதாபி. நரசிம்மவர்மனுடைய பதின்மூன்றாம் ஆட்சியாண்டில் பொறித்த கல்வெட்டு அங்கே பாறையில் இன்றும் இருக்கின்றது. பரியளம், மணிமங்கலம், சூரமாரம் என்னும் போர்க்களங்களில் புலிகேசி புறங்கொடுத்ததைக் கூரத்துச் செப்பேடு கூறுகின்றது. ஆதலின் பரஞ்சோதியார் சென்ற போர் கட்டுக்கதையன்று. தென்னாட்டு வரலாற்றின் போக்கையே திருப்பிய பெரும்போர்.

கல்கி அவர்கள் 1944 முதல் 1946 வரை தொடராக எழுதிய 'சிவகாமியின் சபதம்' வாயிலாகப் பரஞ்சோதி என்னும் இளவீரரைத் தமிழ்மக்கள் பலரும் அறிவர். அது புதினமாதலின் போர்க்களத்துக்கு அங்கே விரிந்த இடமுண்டு. சேக்கிழார் பெருமானோ எண்பதுக்கு மேற்பட்ட பாடல்களால் ஆகிய இவ்வரலாற்றில் வாதாபிப் போருக்கு ஒரே ஒரு பாடலை அளிக்கின்றார். எஞ்சியவையெல்லாம் பெரும்பாலும் வீட்டினுள்ளும் கோயிலிலும் நிகழ்வன. பெருங்காப்பியம் பாடவல்ல புலவருக்குப் போர்க்களத்தை வருணிக்கத் தெரியாதா? தெரியும். ஆயினும், அவ்வீரர் பெரியவராயினது அக்களத்தில் அன்று என்பது அவர் திருவுள்ளம்.

வேந்தன் வேண்டிய பொறுத்தல்

வெற்றியோடு திரும்பிய வீரரை வேந்தன் வியந்தான். அமைச்சர்கள், "இவர் சிவபெருமானுக்கு வழிவழித் தொண்டு பூண்டவர், அவ்வலிமை உடையார்முன் நிற்பார் எவர்?" என்னும் கருத்துப்பட உரைத்தனர். கேட்ட வேந்தன் மகிழவில்லை, நடுங்கினான். "பெருமானுடைய அடியாரை அறியாமல் கொடிய போர்முனைக்கு விடுத்தேனே, இப்பிழை பொறுக்கவேண்டும்" என்று அவரை வணங்கினான்.

வெற்றி பெற்ற வேந்தன் தன் படைத்தலைவரை வணங்கிப் பொறுத்தருள வேண்டுவது உலகில் எங்கேனும் உண்டா? அதற்கு அவர் அளித்த மறுமொழி அதனினும் சிறந்தது. வேந்தன் வணங்குமுன் தாம் வணங்கினார். "எனக்கு உரிய தொழிலுக்கு ஏற்றதையே செய்தேன், அதில் தீங்கு என்ன?" என்றார். தம் பத்தியைக் காட்டி வேந்தனைக் குற்றவாளியாக்க அவர் விரும்பவில்லை. போரைப் பெருமை பேசவும் இல்லை. உண்ட சோற்றுக்கு உரிய கடமையைச் செய்து முடித்தவர் பேசும் பேச்சு இது. செய்ததற்கு நாணவும் வேண்டா, செருக்கவும் வேண்டா.

வேந்தன் நிறைந்த நிதியையும் விருத்திகளையும் அளித்து, இனி விரும்பியவாறு சிவத்தொண்டு செய்துகொண்டு இருக்குமாறு விடைகொடுத்தான். இந்நாளில் படையிலிருந்து ஓய்வு பெறுவோர்க்கு அரசு ஓய்வூதியம் வழங்குவதைப் போன்றது அது. பரஞ்சோதியார் தம் ஊர் திரும்பினார், கணபதீச்சரத்து இறைவனை வணங்கினார், இல்லறத்தில் அமர்ந்தார். திருச்செங்காட்டங்குடிக் கோயிலில் உள்ள வாதாபி கணபதியை அவரே போர்க்களத்திலிருந்து கொணர்ந்தார் என்பது செவிவழி மரபு. பெரியபுராணத்தில் அச்செய்தி இல்லை. முத்துசாமி தீட்சிதர் அம்சத்துவனி இராகத்தில் வாதாபி கணபதிமேல் பாடிய கீர்த்தனையால் அப்பெயர் இசையரங்குகள்தோறும் ஒலிக்கின்றது.

சிறியவராக வாழ்ந்த இல்லறம்

படைத்தொழில் செய்து பழகியவருக்கு வீடு திரும்பியபின் வாழ்வது எளிதன்று. களத்திலே அவர் சொல்லுக்கு ஆயிரவர் நடந்தனர். வீட்டிலோ அடுப்பில் விறகு ஈரமாயிருந்தால் எந்த ஆணையும் செல்லாது. களத்திலே ஒருநாள் நிகழ்ச்சி ஓராண்டுக்குச் சமமாகும். ஊரிலோ எல்லா நாளும் ஒன்றுபோல் இருக்கும். பழைய வெற்றியைத் திண்ணையிலிருந்து வருவோர்க்கெல்லாம் சொல்லிக் காலங்கழிப்பாரும் உண்டு. வீட்டையே பாசறையாக்கி மனைவி மக்களை நடுங்க வைப்பாரும் உண்டு. பரஞ்சோதியார் இவ்விரண்டும் செய்யவில்லை.

அவர் மணந்துகொண்ட அம்மையார் திருவெண்காட்டு நங்கையார். இருவரும் மேற்கொண்ட நியமம் ஒன்றே. ஒவ்வொரு நாளும் சிவனடியார் ஒருவருக்கேனும் முன்னர் அமுது செய்வித்துப் பின்னரே தாம் உண்பது. கேட்பதற்கு எளிது, செய்வதற்கு அரிது. அடியார் வந்தால்தானே ஊட்டலாம்? வாராத நாளில் பசியோடு தெருத்தெருவாகத் தேடிச் செல்ல வேண்டும். ஒருநாள் இரண்டுநாள் அன்று. ஆண்டுமுழுதும் செல்ல வேண்டும். கணவர் தேடிக்கொண்டு வரும்வரை மனைவியார் அடுப்பைக் காத்திருக்க வேண்டும். இல்லத்தில் பணிசெய்த சந்தனத் தாதியாரும் உடன் காத்திருக்க வேண்டும். இஃது ஒருவர் நியமமன்று. ஒரு குடும்பத்தின் நியமம். மனைவியார் உடன்படாது முகங்கோணியிருந்தால் ஒரு திங்கள்கூட நடந்திராது.

அடியார்முன் அவர் எப்போதும் சிறியராகவே நடந்துகொண்டார். தமக்கு மூத்தவரா இளையவரா, கற்றவரா கல்லாதவரா என்று அவர் நோக்கவில்லை. வாதாபியை வென்ற கை, வந்தவர் திருவடியை நீர்விட்டு விளக்கியது. அதனால் உலகம் அவரைச் சிறுத்தொண்டர் என்று அழைத்தது. படைத்தலைமை வேந்தன் அளித்தது; வேந்தன் விரும்பினால் மீட்டுக்கொள்ளலாம். சிறுமையோ அவரே விரும்பி ஏற்றது. அதனை எவரும் மீட்டுக்கொள்ள இயலாது. பரஞ்சோதி என்னும் பெரிய பெயர் மறைந்து, சிறுத்தொண்டர் என்னும் சிறிய பெயரே நிலைபெற்றது. சுந்தரமூர்த்தி சுவாமிகளும் திருத்தொண்டத்தொகையில் அச்சிறிய பெயரையே வைத்து வணங்கினார்.

அவர்களுக்குச் சீராளதேவர் என்னும் மகனார் பிறந்தார். பிறந்தபோது ஊரார் மகிழ்ந்ததையும், மூன்றாம் ஆண்டில் மயிர்வினைச் சடங்கு நிகழ்ந்ததையும், பின் பள்ளிக்கு அனுப்பியதையும் சேக்கிழார் பெருமான் விடாமல் கூறுகின்றார். தந்தையாரும் தாயாரும் அக்குழந்தையைப் போற்றி வளர்த்த அன்பை முன்னமே காட்டிவிடுவது அவர் கருத்து. அந்நாளில் திருஞானசம்பந்தப் பிள்ளையார் எழுந்தருளினார். சிறுத்தொண்டர் அவரை எதிர்கொண்டு பணிந்து தம் ஊருக்கு அழைத்துவந்தார். பிள்ளையார் செங்காட்டங்குடித் திருப்பதிகத்துள் சிறுத்தொண்டர் பெயரை வைத்துப் பாடினார். வாதாபிப் போரின் காலத்தோடு இணைத்து, திருஞானசம்பந்தர் ஏழாம் நூற்றாண்டினர் என்று ஆராய்ச்சியாளர் துணிவதற்கு இத்தொடர்பும் ஒரு சான்றாயிற்று.

வந்த விருந்து

பின்னொரு நாள் நிகழ்ந்ததை அன்பர்கள் அறிவார்கள். அதனைச் சுருக்கமாகச் சொல்லுதல் சாலும்.

உத்தராபதியிலிருந்து வந்தவராக ஒரு வைரவர் வாயிலில் நின்றார். அந்நேரத்தில் சிறுத்தொண்டர் அடியாரைத் தேடி வெளியே சென்றிருந்தார். பெண்டிர் தனித்திருக்கும் மனையில் புகேன் என்று கூறி, வைரவர் கணபதீச்சரத்து ஆத்திமரத்தின் கீழ்ச் சென்று அமர்ந்தார். அன்று ஓர் அடியாரையும் காணாது வருந்தித் திரும்பிய சிறுத்தொண்டர், மனைவியார் சொல்லக் கேட்டு ஓடிச்சென்று பணிந்து அழைத்தார். "நீரோ பெரிய சிறுத்தொண்டர்?" என்றார் வைரவர். "அடியார்கள் தம் கருணையால் அவ்வாறு அழைப்பர்" என்று மறுமொழி வந்தது. வைரவர் தம் உணவின் அருமையைச் சொன்னார். ஆறு திங்களுக்கு ஒருமுறையே உண்பவர், அந்நாள் இந்நாள். வேண்டுவது ஐந்து வயதுடைய ஒரு மகவு, உறுப்பில் குறையில்லாதது, ஒரு குடிக்கு ஒரே மகனாக உள்ளது, தாய் பிடிக்கத் தந்தை அரிய, இருவரும் மனமுவந்து சமைத்தது.

சிறுத்தொண்டர் வீடு திரும்பி மனைவியாரிடம் உரைத்தார். அவர்கள் பேசியதை ஊன்றி நோக்குதல் வேண்டும். நிறைந்த பொருள் கொடுத்தால் தம் மகவைத் தருவார் ஒருவேளை இருக்கலாம். பெற்றவர்களே மனமுவந்து இது செய்வார் எங்கும் இலர் என்று கண்டனர். வேந்தன் அளித்த நிதியெல்லாம் வீட்டில் இருந்தது. ஆறு திங்களுக்கு ஒருமுறை வந்த விருந்துக்கு அந்நிதி ஒன்றுக்கும் உதவவில்லை. தம்மிடம் உள்ளவற்றுள் தமக்கு மிக இனியது எதுவோ அதுவே கேட்கப்பட்டது. பள்ளியிலிருந்து மகனைத் தோள்மேல் எடுத்துக்கொண்டு வந்தார் தந்தையார். பிறர் காணப் பொறார் என்று மறைவிடம் சென்றனர். சொன்னவாறே செய்தனர்.

ஓர் ஐயம்

இவ்விடத்தில் எழும் ஐயத்தை மறைத்துப் பேசுதல் முறையன்று. பெற்ற பிள்ளையைக் கொல்வதும் ஒரு பத்தியோ? இறைவன் இதனைக் கேட்கலாமோ? இந்நாளில் இளைஞர் பலர் இவ்வாறு வினவுகின்றனர். வினவுதல் குற்றமன்று, வினவாமல் தலையாட்டுதலே குற்றம்.

முதற்கண், இது பின்பற்றுதற்குரிய செயலாகப் புராணத்தில் எவ்விடத்தும் விதிக்கப்படவில்லை. நாயன்மார் வரலாறுகளுள் நாள்தோறும் செய்தற்குரியனவும் உள. வணங்கி அப்பால் நிற்றற்குரியனவும் உள. விருந்தோம்பல் முன்னது, இது பின்னது. எவரேனும் இதனைக் காட்டி ஓர் உயிருக்குத் தீங்கு நினைப்பின் அவர் சைவரல்லர். மக்கட் பண்பினரும் அல்லர்.

இரண்டாவது, அவ்வூரார் இதனைப் பொறார் என்று அஞ்சியே அவர்கள் மறைவிடம் தேடினர் என்று புராணமே கூறுகின்றது. ஆதலின் அக்காலத்திலும் அது வழக்கமன்று. கொடுமை என்றே உலகம் கருதியது. அந்நாளைய மக்கள் நெஞ்சம் கல்லாயிருந்ததனால் கதை பிறந்தது என்று கூறுவார் புராணத்தை ஓதாதவர்.

மூன்றாவது, இறைவன் அதனை உண்ணவில்லை. கேட்டவர் கேட்டார், சமைத்தவர் சமைத்தனர், இலையிட்டுப் படைத்தனர், ஆயினும் ஒரு கவளமும் அவர் வாய்க்குச் செல்லவில்லை. பலர் கதையைச் சமையலோடு நிறுத்திவிடுகின்றனர். கதை முடிவது அங்கன்று.

மற்றொன்றும் சிந்திப்பார் சிந்திக்கலாம். வாதாபியில் வீழ்ந்த வீரர் ஒவ்வொருவரும் ஒரு தாய் பெற்ற மகனே. தம் பக்கத்திலும் எத்தனையோ குடிகளின் ஒரே மகன்மார் அவர் ஆணையால் களம்புகுந்து மீளாதிருப்பர். படைத்தொழிலின் இயல்பு அது. பிறர் பிள்ளைகளை வேந்தன் பொருட்டுக் கொடுப்பது. சேக்கிழார் இதனை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆயினும், வேந்தன் ஏன் நடுங்கினான் என்பதையும், கேட்கப்பட்டது ஏன் ஒரு குடிக்கு ஒரே மகன் என்பதையும் அடுத்தடுத்து வைத்து ஓதுவார்க்கு நெஞ்சில் ஏதோ ஒன்று தைக்கும். களத்தில் பிறரைக் கொடுத்தவர், இல்லத்தில் தமக்கென்று ஒன்றையும் ஒளித்துவைக்கவில்லை. அந்நேர்மையே அவருடைய வீரம்.

அழைத்த குரல்

இனி, வரலாற்றின் உயிர்நிலைக்கு வருவோர் வாயிலின் புறத்தே சென்று நிற்றல் வேண்டும்.

இலையின்முன் அமர்ந்த வைரவர் தனித்து உண்ணேன் என்றார். உடனுண்ண அடியார் வேண்டும் என்றார். சிறுத்தொண்டர் தேடினார், ஒருவரும் அகப்படவில்லை. தாமே உடன் அமர்ந்தார். வைரவர் தடுத்து, "உமக்கு மகன் உண்டேல் அழையும்" என்றார். "இப்போது அவன் உதவான்" என்றார் தந்தையார். வேறு என்ன சொல்ல இயலும்? "அவன் வந்தால்தான் உண்போம், சென்று அழையும்" என்றார் வைரவர்.

இதுவரை கேட்கப்பட்டவை அனைத்தும் அவர் கைக்குத் தெரிந்தவை. அடியாரைத் தேடுவது பழக்கம். திருவடி விளக்குவது பழக்கம். கத்தியை எடுப்பதும், அந்தோ, பழைய தொழில். இப்போது கேட்கப்பட்டதோ கையால் செய்யத்தக்கதன்று. இல்லாத மகனை, இல்லை என்று தம் கண்ணும் கையும் அறிந்த மகனை, தெருவில் நின்று பெயர்சொல்லி அழைக்க வேண்டும். அதற்கு வீரம் உதவாது, மருத்துவம் உதவாது, கற்ற கலை ஒன்றும் உதவாது. கொடுப்பதற்கும் இனி ஒன்றும் இல்லை. வெறுங்கையோடு வாயிலில் நின்று அழைத்தல் ஒன்றே எஞ்சியது.

அவர் அழைத்தார். மனைவியாரையும் அழைக்குமாறு கூறினார். அத்தாயாரும் கணவர் குரலோடு தம் குரலைச் சேர்த்து அழைத்தார். ஏன் அழைக்க வேண்டும் என்று அவ்விருவருள் ஒருவரும் வினவவில்லை. வந்த விருந்து உண்ண வேண்டும்; அதற்கு வேண்டுவது இது; ஆதலின் செய்தனர். நாள்தோறும் அடியாரைத் தேடித் தெருவில் நின்ற அதே கால்கள். நாள்தோறும் வருக என்று சொல்லிப் பழகிய அதே நா. பல்லாண்டு நியமம் அன்று அவர்களைத் தாங்கியது. பெரிய நாளில் மனிதனைக் காப்பது அன்றைக்குப் பிறக்கும் வீரமன்று. சிறிய நாள்களில் அவன் செய்து பழகியதே என்பது இதனால் விளங்கும்.

பள்ளியிலிருந்து ஓடிவரும் பிள்ளைபோலச் சீராளர் ஓடிவந்தார். தாயார் வாரி எடுத்துக் கணவர் கையில் கொடுத்தார். விருந்தினரை ஊட்டலாம் என்னும் மகிழ்ச்சியோடே உள்ளே விரைந்தனர். அங்கே வைரவர் இல்லை. சமைத்த உணவும் இல்லை. கலங்கிப் புறத்தே வந்தவர்க்கு அம்மையோடும் இளங்குமரனோடும் பெருமான் காட்சி கொடுத்தருளினார். தாய் தந்தை பிள்ளை மூவரும் நின்ற வாயிலில், தாய் தந்தை பிள்ளையாகவே இறைவனும் வந்து நின்றான். சிறுத்தொண்டர் ஒருவருக்கு மட்டும் வீடுபேறு அளிக்கப்படவில்லை. மனைவியார், மகனார், பணிசெய்த தாதியார் ஆகிய அனைவருக்கும் அளிக்கப்பட்டது. நியமம் ஒரு குடும்பத்தினுடையதாதலின் பயனும் குடும்பத்துக்கே ஆயிற்று.

உலகம் நினைவில் வைத்தது

பின்வந்தோர் அவரை எவ்வாறு நினைவில் வைத்தனர் என்பதும் அறியத்தக்கது. முதலாம் இராசராசன் தஞ்சையில் எடுத்த பெரிய கோயிலில் அமைத்த செப்புத் திருமேனிகளைக் கல்வெட்டுகள் கணக்கிட்டுக் கூறுகின்றன. அக்கோயிற் காரியம் பார்த்த அலுவலர் ஒருவர் சிறுத்தொண்ட நம்பி, திருவெண்காட்டு நங்கை, சீராளதேவர் ஆகியோர் திருமேனிகளைச் செய்தளித்தார். சேக்கிழார் புராணம் பாடுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முற்பட்ட செய்தி இது. பல நாடுகளை வென்ற சோழப் பேரரசின் கோயில் அது. வாதாபி வென்ற வீரரை யானைமேல் வாளோடு அமைக்க அவர்க்குத் தடையில்லை. ஆயினும் மனைவியையும் மகனையும் உடன்வைத்துக் குடும்பமாகவே வணங்கினர்.

இதனினும் வியக்கத்தக்கது ஒன்று உண்டு. சிறுத்தொண்டர் புகழ் தமிழ்நாட்டோடு நில்லாமல் வடக்கே பரவிற்று. கன்னட, தெலுங்கு நாட்டுச் சைவர்கள் அவரைச் சிரியாளர் என்று மகன் பெயராலேயே வழங்கினர். பால்குரிகி சோமநாதர் தெலுங்கில் இயற்றிய பசவபுராணத்தில் இவ்வரலாறு உள்ளது. சீநாதர் பாடிய அரவிலாசத்திலும் உள்ளது. அங்கெல்லாம் அவர் காஞ்சியில் வாழ்ந்த வணிகராகவே காணப்படுகின்றார். படைத்தலைவர் என்பது மறைந்துபோயிற்று. விருந்தோம்பியவர் என்பதே எஞ்சியது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த பசவண்ணர், குலத்தால் உயர்வு தாழ்வு கூறலாகாது என்று பாடும் வசனத்தில் சிரியாளரை அன்போடு நினைக்கின்றார். பசவண்ணர் வணங்கிய கூடலசங்கமம் எங்குள்ளது? வாதாபி உள்ள அதே பாகல்கோட்டை மாவட்டத்தில் உள்ளது. எந்த மண்ணில் அவர் யானைகளைச் செலுத்தினாரோ, அந்த மண்ணே அவரைப் பகைவர் என்று நினைவில் வைக்கவில்லை. சோறிட்ட அடியார் என்று நினைவில் வைத்தது. வாளால் வென்ற வாதாபியைச் சாளுக்கியர் சில ஆண்டுகளிலேயே மீட்டுக்கொண்டனர். அகப்பையால் வென்றதை ஒருவரும் மீட்கவில்லை.

திருச்செங்காட்டங்குடியில் ஆண்டுதோறும் சித்திரைத் திங்கள் பரணி நாளில் அமுதுபடையல் விழா நிகழ்கின்றது. வாதாபி வெற்றிக்கு அங்கே விழா இல்லை.

அன்பர்களே! நாட்டைக் காத்த பணியை முடித்து ஊர் திரும்பிய வீரர்கள் இன்றும் ஊர்தோறும் உளர். மார்பில் அணிந்த பதக்கங்களைப் பெட்டியில் வைத்துவிட்டு, பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்கின்றனர். கோயில் திருப்பணியில் கல் சுமக்கின்றனர். பந்தியில் இலை போடுகின்றனர். அவர்களுடைய களத்து வீரத்தை நாடு போற்றுகின்றது, போற்றட்டும். அவர்களுடைய இல்லத்து வாழ்வைப் போற்றுவார் யார்? அதனைப் போற்றவே சேக்கிழார் பெருமான் எண்பதுக்கு மேற்பட்ட பாடல்களைப் பாடினார்.

குடமுழுக்கு முடிந்ததும் மாகேசுவர பூசை நிகழும். கும்பநீர் தலையில் பட்ட மகிழ்ச்சியோடு எல்லாரும் பந்தியில் அமர்வர். அவ்வேளையில் ஒவ்வொருவரும் தமக்கு அடுத்த இலையை நோக்குதல் வேண்டும். அவ்விலையின்முன் ஒருவரும் இல்லையாயின், தாம் உண்ணத் தொடங்குமுன் எழுந்து வாயிலுக்குச் சென்று, வெளியே நிற்பார் எவரையேனும் அழைத்தல் வேண்டும். சிறுத்தொண்டர் வரலாற்றுள் எளியோரும் செய்யத்தக்கது அந்த ஒன்றே. அழைத்தால் வருவார் உளர் என்பதை அவர் காட்டிச் சென்றார்.

திருச்சிற்றம்பலம்.